பினாங்கு ஜார்ஜ்டவுன்: போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், வடகிழக்கு முனையில் இருக்கிறது ஜார்ஜ்டவுன். 1786-ல் ஆங்கிலேயர் துறைமுகமாக எழுந்த ஊர். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

முழுதாக மூன்று நாள். ஒரு நாள் பழைய நகரத்துக்கு, ஒரு நாள் கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) கெக் லோக் சி பௌத்தக் கோயிலுக்கும், ஒரு நாள் வடகரைக்கும் தேசியப் பூங்காவுக்கும். இரண்டே நாள்தான் என்றால் வடகரையை விட்டுவிடுங்கள்.

நாள் கணக்கைவிட மணிக் கணக்குதான் இங்கே முக்கியம். "சின்ன ஊர்தானே" என்று விடுதியில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் பதினொன்றரைக்கே சோர்ந்துபோவார்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டாவிட்டாலும், காற்றில் இருக்கும் ஈரம் ஆளை உருக்கிவிடும். காலை 7 முதல் 11 வரை தெருவில் இருங்கள். 11 முதல் 4 வரை கூரைக்கடியில், அதாவது பழைய மாளிகைகள், அருங்காட்சியகம், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த இரண்டு மாதங்களில்கூட நாள் முழுக்க அடைமழை என்பது அரிது. பிற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் வடகிழக்குப் பருவமழையில் மூடிக் கிடக்கும் டிசம்பரில், மலைத்தொடருக்கு மேற்கே இருக்கும் பினாங்கில் தாராளமாகச் சுற்றலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் சுமத்ரா காட்டுத்தீயின் புகைமூட்டம் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் வாரத்தில் காற்றுத்தரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சீனப் புத்தாண்டை ஒட்டிப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். கோயில்கள் ஜொலிக்கும். ஆனால் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல அந்த வாரம் மூடியிருக்கும், விடுதி வாடகையும் ஏறியிருக்கும். சாப்பிடுவதற்காகவே போகிறீர்கள் என்றால் வேறு வாரம் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து போக விசா வேண்டுமா?

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள் வரை விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1-ல் தொடங்கிய இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் மின்னணு வருகை அட்டையைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் அதை நிரப்ப முடியும். பத்து நாள் முன்னதாக முயன்று "ஏற்கவில்லையே" என்று பதறுகிறவர்கள் நிறைய. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். தேடும்போது மேலே வரும் சில தனியார் தளங்கள் இதற்கே பணம் பிடுங்குகின்றன. பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று வெளியே வந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் என்னும் விரைவு மின்ரயிலில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் பட்டர்வொர்த், அதாவது தீவுக்கு எதிரே இருக்கும் கரை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போகலாம். படகில் 10 முதல் 15 நிமிடம், கட்டணம் 2 ரிங்கிட். நோட்டை நீட்டாதீர்கள், அட்டையோ கைப்பேசியோதான் செல்லும். பாலத்தில் காரில் வருவதைவிட இந்தப் படகில் வந்து இறங்குவதுதான் அழகு. ஊர் கடலிலிருந்து மெல்ல விரியும்.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

பழைய நகரத்துக்குள் நடைதான். மற்ற இடங்களுக்கு ரேப்பிட் பினாங்கு பேருந்து. தொடங்கும் இடம் வெல்ட் கீ ஜெட்டி முனையம்; பெரும்பாலான பேருந்துகள் கொம்தார் கோபுரத்தடியில் நின்று போகும். மனத்தில் வைக்க வேண்டியவை மூன்றுதான்: கொடிமலைக்கும் கெக் லோக் சி இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் 204, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங்குக்கு 101, விமான நிலையத்துக்கு 401. ரொக்கமாகக் கொடுத்தால் ஓட்டுநர் மீதி தரமாட்டார். 1 ரிங்கிட் தாள்களும் சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும். ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே மரபு வட்டாரத்தைச் சுற்றிவரும் கேட் பேருந்து இலவசம்.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால், கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் பெரிய செலவில்லை. ஒரு எச்சரிக்கை: மாலை 5 முதல் 7 வரை, விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை விடும் நேரம். அந்த நேரத்தில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் வழக்கமான முக்கால் மணிக்கு மேல் இன்னொரு முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நகரத்தை எந்த வழியாக நடந்து பார்க்கலாம்?

வடக்கிலிருந்து தெற்காக, மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை வழியாக நடப்பதே நல்ல வழி. பழையவர்கள் இன்னும் பிட் தெரு என்றுதான் சொல்வார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டர்கூட வராது; நின்று பார்த்தால் மூன்று மணி நேரம்.

எட்டு மணிக்குள் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குங்கள். 1818-ல் கட்டியது, வெள்ளைத் தூண்களும் பெரிய புல்வெளியும். அங்கிருந்து சில நிமிட நடையில் கருணைத் தேவியான குவான் யின் கோயில். முற்றத்தில் ஆள் உயர ஊதுவத்திகள் புகையும், கண் எரியும். உள்ளே வணங்குகிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். அடுத்து குயின் தெருவுக்குத் திரும்பினால் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இது. நம்மூர்க் கோயில்போலவே நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால்தான் இதைக் காலைக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

மறுபடி பெரிய சாலைக்கு வந்து தெற்கே நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொய்தீன் 1801-ல் நிறுவியது. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் வெளியார் வரலாம். கால் கை தெரிய உடுத்தியிருந்தால் மேலங்கி தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போய்ப் பயனில்லை. பக்கத்திலேயே சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் சிறிய நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

பள்ளிவாசலுக்குத் தெற்கே கேனன் தெரு. அங்கே ஒரு ஆள் நுழையும் அளவு சந்து வழியாகப் போனால் திடீரென்று ஒரு கல் முற்றம் திறக்கும். அதுதான் கூ கொங்சி, கூ குலத்தாரின் குலக்கோயில்; இப்போதுள்ள கட்டடம் 1906-ல் முடிந்தது. நுழைவுச்சீட்டு உண்டு. இதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது: கூரை முகட்டைப் பாருங்கள். உடைந்த பீங்கான் கிண்ணங்களின் சில்லுகளை வெட்டி வெட்டி ஒட்டியே டிராகனும் பூவும் போர்வீரரும் செய்திருப்பார்கள். கிண்ணத்தின் இயல்பான வளைவுதான் இதழின் வளைவாகியிருக்கும். காலை வெயில் சாய்வாகப் படும்போது இது தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பளபளப்பு.

பிறகு ஆர்மீனியன் தெரு, அதன் முடிவில் வெல்ட் கீ, அதைக் கடந்தால் சியூ ஜெட்டி. கடலுக்குள் கால் நட்ட பலகை வீடுகளின் தெரு அது. மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதை மறக்க வேண்டாம். பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. கைப்பேசி கையிலிருந்து நழுவினால் நேராகச் சேற்றுக்குள். அலை வற்றும் நேரத்தில் அடியில் சேறும் நாற்றமும்தான் மிஞ்சும், எனவே நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

நடக்கும்போது ஒன்று: கடைவீடுகளின் முன்னே ஐந்தடித் திண்ணை வழிகள் உண்டு. நிழலுக்காகவே அமைத்தவை, ஆனால் மோட்டார் சைக்கிளும் சமையல் அடுப்பும் அடைத்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தரை உயரம் மாறும், ஓரத்தில் மூடாத ஆழமான சாக்கடை. இந்த ஊரில் கால் சுளுக்குவது இங்கேதான். படம் எடுத்துக்கொண்டே நடக்காதீர்கள்.

சுவரோவியங்களைத் தேடிப் போக வேண்டுமா?

தனியாக வேண்டாம். லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-ல் வரைந்த, சைக்கிளில் போகும் அக்கா தம்பி ஓவியம் ஆர்மீனியன் தெருவிலேயே இருக்கிறது. மேலே சொன்ன வழியில் தானாக வரும். பத்து மணிக்கு மேல் அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். அதைவிடத் தெருமுனைகளில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் சுவையானவை. அந்தந்தத் தெருவில் என்ன தொழில் நடந்தது என்பதைச் சொல்லும்.

தைப்பூசத்துக்குப் போகலாமா?

கூட்டம் தாங்குவீர்கள் என்றால் கட்டாயம். பினாங்கில் அன்று பொது விடுமுறை. விழா மூன்று நாள். பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும். 1894-ல் வந்த ரதம் அது. 2017 முதல் தங்க ரதமும் வலம் வருகிறது. தண்ணீர்மலைக்குப் போய்ச்சேர இரவாகிவிடும். பூசத்தன்று காவடி, மறுநாள் ரதம் திரும்பும்.

சிதறுகாய்தான் பினாங்குத் தைப்பூசத்தின் தனி அடையாளம். ரதம் வரும் வழியில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை தேங்காய் மலைபோல் குவித்திருப்பார்கள். தமிழர் மட்டுமல்ல, சீனர்களும் நேர்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் உடைப்பார்கள். ரதம் அருகே வந்ததும் இருபது முப்பது பேர் சேர்ந்து வீசுவார்கள். ஓட்டுச் சில்லு தெறிக்கும். திறந்த செருப்பு வேண்டாம், குழந்தையை முன்வரிசையில் நிறுத்த வேண்டாம். உடைத்து முடிந்ததும் மண்வாரி இயந்திரம் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். மேலே இருக்கும் புதிய கோயிலுக்கு 2012-ல் குடமுழுக்கு நடந்தது. பூசத்தன்று காலை ஆறுக்குள் ஏறிவிடுங்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், எனவே சாப்பாட்டுக்குக் கவலையில்லை. அந்த வட்டாரத்துச் சாலைகளை மூடிவிடுவார்கள். கிராப் கிடைக்காது, நடக்கும் தூரத்தில் தங்குவதே வழி. அறை மாதக்கணக்கில் முன்னதாகத் தீர்ந்துவிடும்.

கொடிமலைக்கு எப்போது ஏறுவது?

833 மீட்டர் உயர மலை. 1923-ல் தொடங்கிய கம்பி இழுவை ரயில், 2011-ல் வந்த புதிய பெட்டிகளோடு, சுமார் 2 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறது. மேலே கீழைவிட ஐந்து டிகிரி குளிர்ச்சி. காலை முதல் சில ரயில்களில் ஏறினால் காட்சி தெளிவு, கூட்டம் குறைவு. பத்து மணிக்கு மேல் மேகம் சூழத் தொடங்கும், சுற்றுலாப் பேருந்துகளும் வரும்.

நகர விளக்குகளைப் பார்க்க மாலையில் ஏறுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இருட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஏழரை முதல் எட்டரை வரை இறங்கும் வரிசை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இருட்டும் முன்பே இறங்குங்கள், இல்லையென்றால் மேலேயே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்கு மேல் வாருங்கள். விரைவு வரிசைச் சீட்டு சாதாரணச் சீட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பள்ளி விடுமுறைச் சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் தேவைப்படாது. பராமரிப்புக்காக ஆண்டில் சில நாள் ரயிலை நிறுத்துவார்கள், தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேலே அருளொளி திருமுருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. ஹாபிடாட் என்ற காட்டுப் பாதைக்குத் தனிச் சீட்டு. விலை அதிகம்தான், ஆனால் மரமுகட்டுத் தொங்குபாலமும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருமந்திகளும் பார்க்கத்தக்கவை. ரயில் வேண்டாம் என்பவர்கள் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் செங்குத்தாக ஏறலாம். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அடிவாரக் குரங்குகள் பறித்துவிடும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

மலையிலிருந்து இறங்கியதும் கெக் லோக் சி பக்கத்தில்தான். 1930-ல் முடிந்த ஏழடுக்குப் பகோடாவின் அடி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. குவான் யின் வெண்கலச் சிலை 30 மீட்டருக்குச் சற்று மேல். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சாய்வு மின்தூக்கி உண்டு. மாலை ஐந்தரைக்குள் அடைத்துவிடுவார்கள்.

நாசி கண்டார் கடையில் எப்படி வாங்குவது?

பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் உலகத்துக்குத் தந்த சாப்பாடு இது. தொடக்கத்தில் தோளில் காவடிபோல் தூக்கித் துறைமுகத்தில் விற்றார்கள். பட்டியல் அட்டை கிடையாது. வரிசையில் நின்று தட்டில் சோறு வாங்கி, வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுங்கள். கோழி வறுவல், கணவாய், மீன்தலை, வெண்டைக்காய், உப்பு முட்டை. பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.

கடைசியில் குழம்பு. "பாஞ்சிர்" என்றால் சோறு மூழ்க ஊற்றுவார்கள். "சம்போர்" என்றால் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். சுவையே அந்தக் கலவையில்தான். ஆனால் அதில் மாட்டுக்கறிக் குழம்பும் ஒரு கரண்டி சேரும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் குழம்பு ஊற்றும் முன்பே "டாகிங் வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

விலையில் ஏமாந்ததாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களைக் கேட்டவர்கள்: பெரிய இறால், மீன்முட்டை, மீன்தலை. இவற்றைக் கேட்கும்போதே "எவ்வளவு" என்று கேளுங்கள்.

அங்காடி உணவு நிலையங்களில்?

இடம் பிடித்து மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்காடிக்குப் போய் எண்ணைச் சொல்லுங்கள், தட்டு மேசைக்கு வரும்போது காசு கொடுங்கள். பானம் விற்பவர் தனி ஆள், அவரே மேசைக்கு வருவார். தே (தேநீர்) என்றால் இனிப்பான கெட்டிப்பாலோடு வரும். தே ஓ பாலில்லாதது. பின்னால் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரை இருக்காது.

சார் குவே தியாவ் என்னும் தட்டை அரிசி நூடுல்ஸ் இரும்புச் சட்டியில் ஒவ்வொரு தட்டாகப் புரட்டப்படும், அதனால்தான் காத்திருக்க வேண்டும். ஐந்து தட்டை ஒரேயடியாகப் போட்டுப் புரட்டும் கடையில் அந்தப் புகைவாசம் வராது, வேறு கடை பாருங்கள். சீனக் கடையில் அதில் பன்றிக்கொழுப்பு சேரும். ஹொக்கியன் மீ என்னும் நூடுல்ஸ் சூப் இறால் குழம்பாகத் தெரிந்தாலும் பன்றி எலும்பும் கொதித்திருக்கும். அசாம் லக்சா கானாங்கெளுத்தி வகை மீனும் புளியும் கலந்த நூடுல்ஸ் சூப். மேலே விடும் கருப்புக் கூழ் இறால் பசை.

சைவர்கள் என்ன செய்வது?

லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு, பட்டினி கிடக்க வேண்டாம். வெளியே கவனம் தேவை. காய்கறித் தட்டு என்று கேட்டு வாங்கிய கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். ரோஜாக் என்னும் பழக் கலவையின் சாற்றிலும் அதேபோல் இறால் பசை. "தாக் மாவ் பெலாச்சான்" என்று சொல்லுங்கள். சீன சைவக் கடைகள் நம்பலாம். பூண்டு வெங்காயம்கூடப் பலவற்றில் போடமாட்டார்கள். செண்டோல் என்னும் இனிப்பு, பச்சை நிற அரிசிமாவு நூலும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சிவப்புப் பயறும் ஐஸும்தான், தாராளமாகச் சாப்பிடலாம்.

கடற்கரை எப்படி?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து பெரிங்கியில் மணல் நன்றாக இருக்கும், தண்ணீர் கலங்கல், ஜெல்லிமீனும் உண்டு. சூரியன் மறைவதைப் பார்க்கலாம், குளிக்க விடுதிக் குளமே மேல்.

அதைவிடத் தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்குப் போங்கள். பெயர் பதிந்து சீட்டு வாங்கிய பிறகே உள்ளே விடுவார்கள். பந்தாய் கெராச்சுட் கரைக்குக் காட்டு வழியில் ஒன்றரை மணி நடை. அங்கே நன்னீரும் கடல்நீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும் ஏரியும், ஆமைக் காப்பகமும் உண்டு. வறண்ட மாதங்களில் ஏரி வெறும் சேறாக இருக்கும். கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும். திரும்பப் படகு பேசும்போது எத்தனை மணிக்கு வருவார் என்பதைப் பேசி, காசில் பாதியைத் திரும்பிய பிறகே கொடுங்கள்.

டுரியான் பழம் எங்கே, எப்போது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பாலிக் பூலாவ் தோட்டங்களில். ஆங் ஹே, ஹோர் லோர், பிளாக் தோர்ன் எனப் பல வகை. எடைக்கு விலை, ஓட்டோடு சேர்த்து நிறுப்பார்கள். திறந்து காட்டிய பிறகு பூச்சியோ பழுக்காததோ இருந்தால் மாற்றித் தருவது வழக்கம். விடுதிக்குள் கொண்டுபோனால் அபராதம், பேருந்திலும் விடமாட்டார்கள்.

எதை விட்டுவிடலாம்?

கார்ன்வாலிஸ் கோட்டை, நேரமிருந்தால் மட்டும். கண்ணாடி அறை, தலைகீழ் அறை போன்ற படம்பிடிக்கும் காட்சிக்கூடங்களை யோசிக்காமல் விடலாம். அந்தக் காசில் சீனச் செல்வர் சியோங் ஃபட் ட்ஸேயின் நீல மாளிகையில் வழிகாட்டியோடு ஒரு சுற்று வந்தால் நடுப்பகல் பயனாகக் கழியும். பேச்சா என்னும் மூன்று சக்கர வண்டியில் ஏறுமுன் மணிக்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

இன்னும் சில்லறை விஷயங்கள்?

இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே. மின்செருகி பிரிட்டன் வகை, சதுர மூன்று முனை. நம்மூர்ச் செருகி நுழையாது. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, இணையத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. பணம் மாற்ற விமான நிலையத்தைவிட லிட்டில் இந்தியாக் கடைகளில் நல்ல விலை. கொசு விரட்டி எடுத்துப் போங்கள், டெங்கு உண்டு. மரபு வட்டாரத்தில் புகைபிடிக்கத் தடை, உணவகங்களிலும் அப்படியே.